கண்ணுக்குள் ஊசி போட்ட பிறகு: மலையில் இருந்து கிளினிக் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மக்குலாத் தேய்வு என்ற கண் வருத்தத்துக்காகப் பெரியம்மாவுக்கு முதல் ஊசி போட்ட அன்று இரவு, தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி எரிகிறது என்று அவர் அழுதுகொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூட எழுப்பிவிட்டோம். விடியும்போது எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

இரண்டாவது ஊசி போட்டு பத்தொன்பதாம் நாள், எரிச்சல் இல்லை, வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. "உன் மூஞ்சியில மூக்கு இருக்கிற இடம் கறுப்பா தெரியுதுப்பா" என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார். கிளினிக் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே, அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. விழித்திரைக்கு வந்த உண்மையான சேதம் தெரியவந்தது அந்த அமைதியான காலையில்தான். ஊர் கூட்டிய முதல் இரவில் ஒன்றுமே நடக்கவில்லை.

நான் டொக்டர் இல்லை. இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் சின்னக் கடை வைத்திருக்கிறவன். மூன்று வருடமாகப் பெரியம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப் போய், கேட்டு, எழுதி வைத்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் கண்ணுக்கு எது சரி என்று தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் கண் டொக்டர்.

முதலில்: கண்ணுக்குள் நடப்பது என்ன

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. அதன் நடுவில் சுமார் 5.5 மில்லிமீற்றர் அகலத்தில் இருப்பது மக்குலா. முகம் பார்க்க, எழுத்து வாசிக்க, ஊசியில் நூல் கோர்க்க உதவுவது அந்தச் சின்ன இடம்தான். வயது போகப் போக அது தேய்வதை மக்குலாத் தேய்வு என்கிறார்கள். இதில் உலர் வகை, ஈர வகை என்று இரண்டு உண்டு. ஊசி போடுவது ஈர வகைக்கு. விழித்திரைக்கு அடியில், இருக்கக்கூடாத இடத்தில், பலமில்லாத புது இரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் இரத்தமும் கசிவதுதான் ஈர வகை.

அந்தக் குழாய்களை வளரச் சொல்லும் ஒரு புரதம் உடம்பில் இருக்கிறது. ஊசி மருந்து அதைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. பெவாசிஸுமாப் என்ற மருந்து 2004 இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்காக அனுமதி பெற்றது. அவாஸ்டின் என்ற பெயரில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணுக்கென்றே வந்த ரனிபிஸுமாப் 2006 இலும் அஃப்லிபெர்செப்ட் 2011 இலும் அங்கே அனுமதி பெற்றன. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், மலிவானது பெவாசிஸுமாப். ஆனாலும் 2011 இல் வெளிவந்த கேட் என்ற பெரிய ஆய்வில், ஒரு வருட முடிவில் பெவாசிஸுமாப் போட்டவர்களின் பார்வையும் ரனிபிஸுமாப் போட்டவர்களின் பார்வையும் சமமாகத்தான் இருந்தன. "நமக்கு மலிவு மருந்தைப் போட்டுவிட்டார்கள்" என்று மனம் நோக வேண்டியதில்லை.

பொதுவாக மாதம் ஒன்று வீதம் மூன்று ஊசி போடுவார்கள். பிறகு உள்ளே கசிவு காய்ந்திருக்கிறதா என்று, விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேனில் பார்த்து, இடைவெளியை ஆறு வாரம், எட்டு வாரம் என்று நீட்டுவார்கள்.

கிளம்புவதற்கு முன்

பட்டினி கிடக்க வேண்டாம். மரத்துப்போகச் சொட்டு மருந்துதான் போடுவார்கள், மயக்க மருந்து இல்லை. பிரஷர் மாத்திரை, சீனி வருத்த மாத்திரை எல்லாவற்றையும் வழக்கம்போல எடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். எடுக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

கண்ணில் பீழை, இமையில் கட்டி இருந்தால் ஊசிக்கு முன்பே காட்டுங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று பயந்து மறைக்கிறவர்களை வரிசையில் பார்த்திருக்கிறேன். இமையில் இருக்கும் கிருமியை ஊசி உள்ளே கொண்டுபோனால் திரும்பி வந்த பஸ் காசு பெரிதில்லை. அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால், அயடின் ஒத்துக்கொள்ளாவிட்டால், குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஊசி போடும் நாள்

கண்ணையும் இமையையும் பொவிடோன் அயடினால் கழுவுவார்கள். கண்ணைத் திறந்து வைக்க ஒரு கம்பி. அப்புறம் கருவிழி ஓரத்தில் இருந்து மூன்றரை முதல் நாலு மில்லிமீற்றர் தள்ளி, வெள்ளைப் பகுதியில், தலைமுடி போன்ற மெல்லிய ஊசியால் 0.05 மில்லிலீற்றர் மருந்து. அதாவது ஒரு சொட்டு. எல்லாம் சில விநாடி. அந்த நேரத்தில் பேசாதீர்கள், இருமல் வந்தால் முன்கூட்டியே கை காட்டுங்கள். வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டொகொக்கஸ் கிருமி கண்ணுக்குள் போனால் செய்கிற அழிவு மிக மோசம். வெற்றிலை போடுகிற நம் பெரியவர்கள் அன்றைக்காவது வாயைக் கொப்பளித்துவிட்டுப் போகட்டும்.

ஊசி முடிந்ததும் எத்தனை விரல் என்று கேட்பார்கள். அது மரியாதைக்குக் கேட்பது இல்லை. ஒரு சொட்டு கூடியதால் கண்ணின் அழுத்தம் சில நிமிடம் ஏறும். அதிகமாக ஏறினால் விழித்திரைக்கு இரத்தம் போவது தடைப்படும். விரல் தெரியாமல் இருட்டாக இருந்தால் "தெரியுது, தெரியுது" என்று தலையாட்டாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

வெளியே வருவதற்கு முன் கொப்பியில் மூன்று விடயம் எழுதி வாங்குங்கள்: எந்தக் கண், என்ன மருந்து, என்ன திகதி. கூடவே, ஏதாவது ஆனால் எந்த வாட்டுக்கு வர வேண்டும், இரவிலும் லீவு நாளிலும் எங்கே போக வேண்டும் என்று மிஸ்ஸிடம் (தாதியிடம்) கேளுங்கள். போயா தினத்தில் (பௌர்ணமி லீவில்) கிளினிக் பூட்டியிருக்கும், அவசர சிகிச்சைப் பிரிவு பூட்டாது.

முதல் இரவும் மறுநாளும்

எரிச்சலும் மண் விழுந்த உறுத்தலும் பெரும்பாலும் அயடினால் வருவது. சில மணி நேரத்தில் குறையத் தொடங்கி அடுத்த நாள் அடங்கிவிடும். வெள்ளைப் பகுதியில் இரத்தத்திட்டு பயங்கரமாகத் தெரியும். வலி இல்லாவிட்டால் அது தோலுக்கடியில் கன்றிப்போன மாதிரித்தான், ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். பார்வையின் கீழ்ப்பக்கத்தில் உருண்டையாகக் கறுப்புப் புள்ளி ஆடினால் அது ஊசியோடு போன காற்றுக்குமிழ். குமிழ் உண்மையில் மேலேதான் மிதக்கிறது, விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் கீழே தெரிகிறது. ஓரிரு நாளில் போய்விடும்.

நான் பிடித்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான். நேரம் போகப் போகக் குறைகிறதா, விடுங்கள். கூடுகிறதா, கிளம்புங்கள்.

சில நாளைக்குப் பீலித் தண்ணியில் முகம் கழுவும்போது கண்ணுக்குள் தண்ணீர் போகவிடாதீர்கள். விறகடுப்பை ஊதும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். கோயிலில் தீர்த்தம் தெளித்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், சாமி கோபிக்காது. நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். இதற்காக நான் வீட்டில் பெரிய சண்டையே போட்டிருக்கிறேன்.

முதல் வாரம்: கிருமி

மிகவும் அரிது, ஆனால் மிகவும் பொல்லாதது, கண்ணுக்குள் கிருமி பிடிப்பது. எண்டொஃப்தல்மைட்டிஸ் என்பார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம், மூவாயிரம் ஊசிக்கு ஒன்று. பெரும்பாலும் இரண்டாம் நாளில் இருந்து ஐந்தாம் நாளுக்குள் தலைகாட்டும். ஒருநாள் நன்றாக இருந்த கண் திரும்பச் சிவக்கும். வலி ஏறும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, பார்வை புகைமூட்டம் போல மங்கும். வலி குறைவாக இருந்து பார்வை மட்டும் மங்குவதும் உண்டு.

தாமதம் நடக்கும் இடம் எனக்குத் தெரியும். சிவந்த கண்ணோடு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போவோம். ஊசி போட்டதைச் சொல்ல மாட்டோம். கண்ணோய் என்று நினைத்துச் சொட்டு மருந்து தருவார்கள். இரண்டு நாள் போய்விடும். வெளியே போடும் சொட்டு மருந்து கண்ணின் உட்பகுதிக்குப் போதிய அளவு போகாது. கண்ணுக்குள் இருந்து மாதிரி எடுத்து, வன்கொமைசின், செஃப்டசிடிம் போன்ற அன்டிபயோட்டிக்கை உள்ளேயே ஊசியாகப் போட வேண்டும். அதை அன்றைக்கே செய்ய வேண்டும். ஆகவே டிஸ்பென்சரியில் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை "கண்ணுக்குள்ளே ஊசி போட்டிருக்கு". கேட்க வேண்டியது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டும் வாகனமும். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

சிங்களம் வராதவர்கள் இதைப் பாடமாக்கி வையுங்கள்: "எஹெட்ட இன்ஜெக்ஷன் எகக் கெஹுவா. தென் பேன்னே நே. ரிதெனவா." கண்ணுக்கு ஊசி போட்டது, இப்போது தெரியவில்லை, வலிக்கிறது. பெரியம்மா இதைப் பேத்தியிடம் ஒப்புவித்துக் காட்டுவார்.

கிருமி இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வருவதும் உண்டு. 2019 இல் வந்த புரொலுசிஸுமாப் என்ற மருந்தில், விழித்திரையின் இரத்தக்குழாய்கள் வீங்கி அடைபட்ட சம்பவங்கள் பதிவானதால் டொக்டர்கள் அதைக் கவனமாகத்தான் பயன்படுத்துகிறார்கள். இதற்கும் அடையாளம் மங்கலும் மிதக்கும் புள்ளிகளும்தான். வீட்டில் இருந்து எது என்று பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம். போய்க் காட்டுங்கள்.

அடுத்த வாரங்கள்: வலிக்காமல் வரும் கெடுதிகள்

பெரியம்மாவுக்கு நடந்தது நிறமிப் படலக் கிழிசல். விழித்திரைக்கு அடியில், ஒரே ஒரு வரிசை உயிரணுக்களால் ஆன படலம் ஒன்று இருக்கிறது. விழித்திரைக்குச் சாப்பாடு போடுவதும் கழிவை அள்ளுவதும் அதுதான். ஈர வகையில் புதுக் குழாய்கள் அதற்கடியில் வளர்ந்து கசியும்போது, தாச்சியில் ரொட்டி உப்புவது போல அந்தப் படலம் மேலே எழும்பி நிற்கும். ஊசி மருந்து வேலை செய்ததும் குழாய்க்கூட்டம் சுருங்குகிறது. சுருங்கும்போது ஒட்டியிருக்கும் படலத்தையும் இழுக்கிறது. ஏற்கெனவே விறைத்து நிற்கும் படலம் ஓரத்தில் கிழிந்து, வெயிலில் காய்ந்த வாழையிலை மாதிரிச் சுருண்டுகொள்கிறது. படலம் விலகிய இடத்துக்கு மேலே இருக்கும் விழித்திரை பட்டினியாகிறது.

உப்பல் உயரமாக இருப்பவர்களுக்கே இந்த அபாயம் கூட. அதுவும் முதல் சில ஊசிகளுக்குப் பிந்திய வாரங்களில். ஸ்கேனில் உயரம் தெரியும் என்பதால் டொக்டர் முன்பே எச்சரிக்கக்கூடும். எங்களுக்கும் எச்சரித்தார். மேசைக்கு இந்தப்பக்கம் இருந்தவர்கள் தலையாட்டிவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடிப்பதில் குறியாக இருந்தோம். ஊசி போடாமலே இப்படிக் கிழிவதும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடையாளம்: திடீரென்று நடுவில் ஒரு கறுப்போ மங்கலோ, நேர்க்கோடு வளைவது, முகத்தில் ஒரு துண்டு காணாமல் போவது. வலி சுத்தமாக இல்லை. கிழிசல் நடுமையத்தைத் தொடாவிட்டால் ஓரளவு பார்வை தங்கும். தொட்டுவிட்டால் வாசிப்பது கஷ்டம்.

கிழிந்ததைத் தைக்க வழி இல்லை. அப்படியானால் ஏன் ஓட வேண்டும்? அடியில் உள்ள குழாய்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவை மேலும் கசிந்தால் தழும்பு பரவும். அதனால் பெரும்பாலானோருக்கு ஊசியைத் தொடரவே சொல்கிறார்கள். எங்கள் லயத்தில் வந்த பேச்சு வேறு: "ஊசி போட்டுத்தானே கண்ணு போச்சு, இன்னும் எதுக்கு?" நானும் ஒரு இரவு அப்படித்தான் நினைத்தேன். 2006 இல் வெளியான மரீனா ஆய்வின் கணக்கைப் பிறகு பார்த்தேன். ஒரு வருடத்தில் பார்வை பெரிதாகக் குறையாமல் தப்பியவர்கள், ரனிபிஸுமாப் போட்டவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு மேல். போடாதவர்களில் நூற்றுக்கு 62 பேர். கிழிசல் வந்த வீட்டுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது, ஆனால் அடுத்த திகதிக்குப் போவதா வேண்டாமா என்பதற்குப் பதில் தருகிறது.

வலிக்காமல் வரும் இரண்டாவது கெடுதி மக்குலாவுக்கு அடியில் இரத்தம் கொட்டுவது. இது ஊசியால் வருவதை விட நோயால் வருவது. திகதி தவறியவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். நடுப்பார்வை ஒரே நாளில் இருண்டுவிடும். இரத்தம் அங்கே தேங்கி நிற்கும் ஒவ்வொரு நாளும் விழித்திரைக்கு நஞ்சு.

மூன்றாவது விழித்திரை கழன்று வருவது. பல ஆயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில்தான் நடக்கிறது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திடீரென்று கொசுக்கூட்டம் போலப் புள்ளிகள், இருட்டிலும் மின்னல் வெட்டு, அப்புறம் ஒரு பக்கத்தில் இருந்து திரை இழுப்பது போல நிழல். நிழல் நடுவுக்கு வருவதற்குள் ஒபரேஷன் மேசைக்குப் போய்விட்டால் நடுப்பார்வையைக் காப்பாற்ற இடமுண்டு.

காஸ் வைத்த கண்ணோடு மலை ஏறாதீர்கள்

கழன்ற விழித்திரைக்கு ஒபரேஷன் செய்யும்போது, அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு காஸ் குமிழ் வைப்பது உண்டு. மக்குலாவுக்கு அடியில் தேங்கிய இரத்தத்தைத் தள்ளவும் சிலருக்கு வைப்பார்கள். வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரத்தில் இருந்து இரண்டு மாதம் வரை எடுக்கும்.

நுவரெலியா பஸ்ஸில் முறுக்குப் பைக்கட் வாங்கிப் போனவர்களுக்குத் தெரியும், ரம்பொடை தாண்டும்போது பைக்கட் உப்பிப் பலூன் மாதிரி ஆகிவிடும். கண்ணுக்குள் இருக்கும் குமிழும் அதையேதான் செய்யும். கண்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 500 மீற்றர், ஹட்டன் 1,270 மீற்றருக்குப் பக்கம், நுவரெலியா 1,868 மீற்றர். கண்டியில் இருந்து நுவரெலியா ஏறினால், வெளியில் இருக்கும் காஸ் இருந்ததை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். பைக்கட் உப்ப இடமிருக்கிறது, கண்ணுக்கு இல்லை. அழுத்தம் ஏறிக் கடும் வலி, வாந்தி, கண்ணுக்குப் போகும் இரத்த ஓட்டமே நிற்கும் ஆபத்து வரை போகலாம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு விமானத்தில் ஏறாதே என்று சொன்னால் போதும். நமக்கு வீட்டுக்குப் போவதே விமானம் ஏறுகிற மாதிரி. அதனால் ஒபரேஷனுக்கு முன்பே டொக்டரிடம் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லாமல், "எங்க வீடு ஹட்டனுக்கு மேலே, மலை ஏறணும்" என்று சொல்லுங்கள். காஸுக்குப் பதில் சிலிக்கன் எண்ணெய் வைக்க முடியுமா என்று கேளுங்கள், அது மலை ஏறினால் விரியாது. காஸ்தான் என்றால் கண்டியிலோ பேராதனையிலோ சொந்தக்காரர் வீடு பார்த்துக்கொண்டு, குமிழ் கரைந்ததென்று டொக்டர் சொல்லும் வரை கீழேயே இருங்கள். குமிழ் இருக்கும்போது வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுத்தால், காஸ் இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நைட்ரஸ் ஒக்சைட் அந்தக் குமிழை வேகமாகப் பெருக்கிவிடும்.

தினமும் ஒரு நிமிடம்

மார்க் அம்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்துக் கண் டொக்டரின் பெயரில் ஒரு கட்டத்தாள் இருக்கிறது. கிளினிக்கில் தராவிட்டால் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் ஒரு பக்கம் கிழித்து நடுவில் பேனையால் புள்ளி வையுங்கள். லயத்துக்குள் வெளிச்சம் போதாது, காலையில் வாசலில் உட்காருங்கள். வாசிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் தாளைப் பிடித்து, ஒரு கண்ணைப் பொத்திப் புள்ளியையே பாருங்கள். கோடு வளைகிறதா, கட்டம் காணாமல் போகிறதா? அடுத்து மற்றக் கண்.

பொத்தாமல் பார்த்தால் பிரயோசனம் இல்லை. நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். பெரியம்மாவின் கறுப்பு நிழல் அன்று காலையில்தான் வந்ததா, இரண்டு மூன்று நாள் முன்னாலேயே வந்து அவர் கவனிக்காமல் இருந்தாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நேற்று இல்லாத வளைவு இன்று வந்தால் கிளினிக் திகதியை மறந்துவிடுங்கள். மறுநாள் முதல் பஸ். அந்த ஒன்பது நாள் எங்களுக்குக் கொடுத்த பாடம் இதுதான், நாங்கள் போனது நாலாம் நாள்.

இப்போது அவருக்கு இடது கண்ணில் எட்டு வாரத்துக்கு ஒரு ஊசி. அந்தக் கண்ணால் முகம் தெரியாது, ஆனால் ஓரப்பார்வை இருப்பதால் படிக்கட்டில் தடுமாறுவதில்லை. ஒரு கண்ணில் வந்தவர்களுக்கு மற்றதிலும் வர இடமிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் காலையில் தேத்தண்ணி முடிந்ததும் வாசலில் உட்கார்ந்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் கொப்பித்தாளைப் பார்க்கிறார். கோடு நேராக இருந்தால் கலண்டரில் அன்றைய திகதி மேல் சரி போடுகிறார்.